சிங்கக்குட்டிக்குப் பால் புகட்ட ஆப்பிரிக்கா போகலாமா?

கேள்வி:

டாக்டர் சார், எனக்கு 24 வயது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் ஐந்து கறவை மாடுகள். பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு இப்போது கோவையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே மிருகங்கள் என்றால் உயிர். தென்னாப்பிரிக்காவில் ஒரு பண்ணையில் நான்கு வாரம் வாலண்டியராக இருக்கலாம் என்று ஒரு ஏஜென்சி மூலம் தெரியவந்தது. தாய் கைவிட்ட சிங்கக்குட்டிகளுக்குப் பாட்டிலில் பால் கொடுப்பது, அவற்றோடு நடை போவது, ராத்திரி குட்டிகளோடு படுத்துக்கொள்வது எல்லாம் உண்டாம். வளர்ந்ததும் காட்டில் விட்டுவிடுவார்களாம். கட்டணம் 1,60,000 ரூபாய், விமான டிக்கெட் தனி. 15,000 முன்பணம் கட்டிவிட்டேன். அது ஒத்துவராவிட்டால் தாய்லாந்தில் யானை முகாம் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன்; அங்கே தினமும் யானையைக் குளிப்பாட்டலாம்.

அப்பா, "வீட்டுக் கன்னுக்குட்டிக்குப் பால் காட்ட எந்திரிக்க மாட்டே, சிங்கக்குட்டிக்குக் காசு கட்டிப் போறியா" என்று கேலி செய்கிறார். அம்மாவுக்குப் பயம். வரன் வேறு பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது போய்வந்துவிட வேண்டும் என்றிருக்கிறது. போகலாமா? இந்த அனுபவம் பின்னால் மிருகங்கள் சம்பந்தமான வேலைக்கு உதவுமா? என்னென்ன ஊசி போட வேண்டும்? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அந்தப் பண்ணைக்குப் போகாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போவதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை, அதைப் பிறகு பேசலாம்.

நான் இந்தப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா மாட்டாஸ்பத்திரிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிங்கத்துக்கு ஊசி போட்டவன் இல்லை. ஆனால் உங்கள் ஏஜென்சி எழுதியிருப்பதில் எங்கே ஓட்டை என்று பார்க்க மாட்டு வைத்தியமே போதும்.

கன்று ஊட்டிக்கொண்டே இருந்தால் தாய்மாடு மறுபடி பருவத்துக்கு வர நாளாகும். உங்கள் அப்பாவைக் கேட்டால் சொல்வார். சிங்கத்திலும் இதே கதைதான், இன்னும் கறாராக. காட்டில் குட்டிகளை வளர்த்துக்கொண்டிருக்கும் பெண் சிங்கம் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் ஈனும். குட்டிகள் செத்துப்போனாலோ காணாமல் போனாலோ சீக்கிரமே மறுபடி இணை சேர்ந்துவிடும். சினைக்காலம் சுமார் 110 நாள்தான். அப்படியானால், பிறந்த சில நாளிலேயே குட்டிகளை எடுத்துவிட்டால் ஒரே பெண் சிங்கத்தை ஒரே வருடத்தில் இரண்டு ஈற்றுகூடப் போட வைக்கலாம். தென்னாப்பிரிக்காவில் சிங்கம் வளர்க்கும் பண்ணைகள் பலவற்றில் இதைத்தான் செய்கிறார்கள். "தாய் கைவிட்ட குட்டிகள்" உண்டாவது இப்படித்தான்.

வேறு விதமாகவும் யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் தாய் ஒதுக்கித் தள்ளும் கன்று வருடத்துக்கு எத்தனை? எப்போதோ ஒன்று, பெரும்பாலும் தலையீற்றுக் கிடாரியின் கன்று. ஒரு பண்ணையில் மட்டும் வருடம் பூராவும், எந்த மாதம் வாலண்டியர் வந்தாலும், கைக்கு அடக்கமாக அநாதைக் குட்டி தயாராக இருக்கிறது என்றால் அது தற்செயல் இல்லை.

அப்புறம் அந்தக் குட்டியின் நிலை. சிங்கப்பாலில் இருக்கிற கொழுப்பும் புரதமும் பசும்பாலில் கிடையாது. மாற்றுப்பால் சரியாக அமையாவிட்டால் கழிச்சல் வரும். கறிக்கு மாறும்போது எலும்பும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாமல் வெறும் சதையை மட்டும் போட்டு வளர்த்தால் கால் எலும்பு வளைந்துவிடும். அந்த வயதில் குட்டி நாளின் பெரும்பகுதி தூங்க வேண்டும். வருகிறவர் எல்லாம் தூக்கி மடியில் வைத்துப் படம் எடுத்தால் எங்கே தூங்குவது? ராத்திரி குட்டிகளோடு படுத்துக்கொள்ளலாம் என்றீர்களே, பூனைக் குடும்பத்துக் குட்டிகளிடமிருந்து மனிதருக்குச் சுலபமாக ஒட்டுவது படர்தாமரை. வரன் பார்க்கிற நேரத்தில் அது வேறு எதற்கு!

சில மாதத்தில் குட்டி கைக்கு அடங்காது. கொஞ்ச நாள் "சிங்கத்தோடு நடை" போகும். ஒரு வயதைத் தாண்டியதும் அதுவும் முடியாது, ஆள் உயிருக்கு ஆபத்து. அதன்பிறகு என்ன? "காட்டில் விடுவோம்" என்பதுதான் இதில் பெரிய பொய். மனிதன் மேல் பயம் விட்டுப்போன சிங்கத்தை எந்த வனத்துறையும் காட்டில் விடச் சம்மதிக்காது. அது நேராக ஊருக்குள் வரும், யாருடைய மாட்டையாவது பிடிக்கும். பாட்டிலில் வளர்ந்த குட்டிக்குக் கூட்டம் கிடையாது, வேட்டை தெரியாது. எந்தச் சிங்கத்தோடு எந்தச் சிங்கம் சேர்ந்து பிறந்தது என்கிற வம்சக் கணக்கும் தெரியாது. ஆப்பிரிக்கக் காடுகளில் சிங்கத்தைக் காப்பாற்றும் வேலை ஒன்றும் பண்ணைக் குட்டிகளை நம்பி நடக்கவில்லை.

அந்த நாட்டில் 300-க்கும் மேற்பட்ட இடங்களில் 8,000-க்கும் மேல் சிங்கங்கள் அடைத்து வளர்க்கப்படுவதாகச் சொல்கிறார்கள். வளர்ந்தவற்றில் பல, வேலி போட்ட இடத்துக்குள் விட்டுச் சுடுகிற வேட்டைக்குப் போயிருக்கின்றன. எலும்பு தென்கிழக்கு ஆசியாவுக்கு, புலி எலும்புக்கு மாற்றாக. 2017-இல் 800 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அரசே ஒதுக்கீடு கொடுத்தது. 2017, 2018 ஒதுக்கீடுகள் செல்லாது என்று 2019-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2021 மே மாதம், அரசு அமைத்த உயர்மட்டக் குழுவே சிங்கங்களை அடைத்து வளர்ப்பதையும், குட்டியைத் தொட்டு விளையாட விடுவதையும் நிறுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமைச்சரும் அதை ஏற்பதாக அறிவித்தார். அறிவித்ததும் எல்லாம் நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் உங்களுக்கு அந்த விளம்பரம் வந்திருக்காது.

நீங்கள் கட்டப்போகிற 1,60,000 ரூபாய் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. குட்டியை வளர்க்கிற செலவை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள், சம்பளம் இல்லாமல் வேலையும் செய்கிறீர்கள். வளர்ந்த சிங்கம் அவர்களுக்குச் சும்மா கிடைக்கிறது.

"நம்ம வீட்டிலும் கன்றைப் பிரித்துத்தானே பால் கறக்கிறோம்" என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: நாம் பால் வியாபாரம் என்று சொல்லித்தான் செய்கிறோம். அதற்குக் கன்றுப் பாதுகாப்பு என்று பேர் வைத்து யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை.

இதில் ஏமாறுகிறவர்கள் முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். தாய்லாந்தில் காஞ்சனபுரி மாவட்டத்தில் புலிக்கோயில் என்று ஒன்று இருந்தது. ஒரு புத்த மடாலயம். வெளிநாட்டுப் பிள்ளைகள் வருடக்கணக்கில் வாலண்டியராக வந்து குட்டிகளுக்குப் பால் புகட்டினார்கள், கூண்டு கழுவினார்கள். 2016-இல் அரசு அதிகாரிகள் உள்ளே நுழைந்து 137 புலிகளை எடுத்துப் போனபோது ஃப்ரீசரில் 40 குட்டிகளின் சடலங்கள் கிடைத்தன. அதற்கு முன்பே எடுத்தவற்றையும் சேர்த்து அங்கிருந்து மீட்கப்பட்ட 147 புலிகளில் 86 அடுத்த சில ஆண்டுகளுக்குள் அரசுக் காப்பகத்தில் செத்துப்போயின. ரத்த உறவிலேயே இனம் பெருக்கியதால் நோயைத் தாங்கும் சக்தி இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அங்கே பால் புகட்டிய பிள்ளைகள் எல்லோரும் உங்களைப் போல மிருகங்கள் மேல் உயிராக இருந்தவர்கள்தான்.

சரி, யானை முகாம். நாம் யானை தெரியாத ஊர்க்காரர்கள் இல்லை. நென்மாறை வல்லங்கி வேலா திருவிழாவுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். டாப்ஸ்லிப் பக்கம் கோழிகமுத்தி முகாமில் மலசர் பழங்குடி மாவுத்தர்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் யானையோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்திருந்தால் ஒன்று புரியும்: யானையிடம் புது ஆள் நெருங்குவது என்பது சாதாரண விஷயம் இல்லை. தினமும் தீனி கொடுக்கிற மாவுத்தனையே அடித்துக் கொன்ற யானைகள் நம் பக்கம் உண்டு. தாய்லாந்தில் 1989-இல் காட்டில் மரம் வெட்டுவதைத் தடை செய்த பிறகு, மரம் இழுத்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் பிழைப்புப் போய்ச் சுற்றுலாவுக்கு வந்தார்கள். முதலில் சவாரி. சவாரிக்குக் கெட்ட பேர் வந்ததும் குளியல். பஸ் வருகிறபோதெல்லாம் ஒரு குளியல் என்றால் ஒரு யானை நாளைக்கு எத்தனை தடவை குளிக்கும்? 2025 ஜனவரியில் அங்கே கோ யாவ் தீவில் ஒரு யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த 22 வயது ஸ்பெயின் நாட்டு மாணவி அந்த யானை தாக்கியே இறந்துபோனார். உங்கள் அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

தாய்லாந்தில் எல்லா இடமும் இப்படி என்று சொல்லமாட்டேன். சியாங் மாய் பக்கத்தில் எலிஃபன்ட் நேச்சர் பார்க் என்று ஒன்று இருக்கிறது. சவாரி கிடையாது. வாலண்டியருக்குத் தீனி நறுக்குவதும் சாணி அள்ளுவதும்தான் பெரும்பாலும் வேலை. ஆனால் ஒரு விஷயம்: சம்பளம் வாங்காவிட்டாலும் அந்த நாட்டில் வாலண்டியர் வேலைக்கு வொர்க் பர்மிட் வேண்டும். டூரிஸ்ட்டாக வந்து வேலை செய்துவிட்டுப் போங்கள் என்று எந்த முகாமாவது சொன்னால், மாட்டிக்கொண்டால் தண்டனை உங்களுக்கு.

இடம் நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் பெரிதாக நினைக்கிறேன். நீங்கள் அங்கே இல்லாவிட்டால் அந்த மிருகத்துக்கு என்ன குறைந்துபோகும்? சிங்கப் பண்ணையில் நீங்கள் இல்லாவிட்டால் குட்டி தாயிடமே இருந்திருக்கும். யானை முகாமில் நீங்கள் இல்லாவிட்டால் யானை தானாகக் குளித்துக்கொள்ளும். இரண்டிலும் உங்களால்தான் வேலையே உண்டாகிறது.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கதை, இதுவும் தென்னாப்பிரிக்காவில்தான். 2000 ஜூன் 23 அன்று கேப் டவுனுக்குப் பக்கத்துக் கடலில் 'ட்ரெஷர்' என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் கொட்டியது. ராபன் தீவு, டாசன் தீவு இரண்டும் ஆப்பிரிக்கப் பென்குயின்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிற இடம். சுமார் 19,000 பறவைகள் எண்ணெயில் முங்கிவிட்டன. எண்ணெய் பட்ட இறகு தண்ணீரைத் தடுக்காது, பறவை குளிரில் விறைத்துச் சாகும். அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். சான்காப் என்கிற கடற்பறவை மீட்பு அமைப்பு நடத்திய அந்த வேலைக்கு 12,500-க்கும் மேற்பட்ட வாலண்டியர்கள் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் அதுவரை பென்குயினைத் தொட்டதே இல்லை. ஒவ்வொரு பறவையாகப் பிடித்து, சோப்புக் கரைசலில் கழுவி, மீனைக் கையால் ஊட்டினார்கள். பென்குயின் சாதுவான பறவை என்று யாரும் நினைக்க வேண்டாம், அலகால் கையைக் கிழித்துவிடும்.

இன்னொரு பக்கம், எண்ணெய் படாத 19,000-க்கும் மேற்பட்ட பறவைகளைப் பிடித்து லாரியில் ஏற்றி, சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி போர்ட் எலிசபெத் பக்கம் கடலில் விட்டார்கள். பறவைகள் வீட்டுக்கு நீந்தி வந்து சேர்வதற்குள் தீவைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது திட்டம். அவற்றில் மூன்றுக்கு பீட்டர், பமீலா, பெர்சி என்று பேர் வைத்து முதுகில் சாட்டிலைட் கருவி மாட்டினார்கள். உலகமே அந்த மூன்றும் எங்கே வருகின்றன என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தது. சில வாரத்தில் வந்தும் சேர்ந்தன. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, காப்பாற்றியவர்கள் கையில் கடைசியில் ஒரு பறவையும் மிச்சம் இருக்கவில்லை என்பது. நல்ல இடத்தில் மிருகம் வெளியே போய்க்கொண்டிருக்கும். கெட்ட இடத்தில் உள்ளே பெருகிக்கொண்டிருக்கும்.

அந்த சான்காப் இன்றைக்கும் கேப் டவுனில் வெளிநாட்டு வாலண்டியர்களைச் சேர்த்துக்கொள்கிறது. 2024-இல் ஆப்பிரிக்கப் பென்குயினை மிக ஆபத்தான அழிவுநிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள், வேலைக்குப் பஞ்சமில்லை. வேலை என்றால் பாய் கழுவுவது, கூண்டு தேய்ப்பது, மீன் எடை போடுவது. உடம்பெல்லாம் மீன் கவிச்சி. தென்னாப்பிரிக்காதான் போக வேண்டும் என்று மனசு நின்றுவிட்டதென்றால் அங்கே எழுதிப் பாருங்கள்.

வேறு எந்த இடமாக இருந்தாலும் மெயிலில் சிலவற்றைக் கேளுங்கள். போன வருடம் எத்தனை மிருகம் வந்தது, எத்தனை வெளியே விட்டீர்கள், எத்தனை செத்தது? செத்த கணக்கைச் சொல்லத் தயங்குகிற இடத்தை நான் நம்பமாட்டேன். மீட்பு மையம் என்றால் சாவு உண்டு. அங்கே இனப்பெருக்கம் நடக்கிறதா? முழுநேரக் கால்நடை மருத்துவர் இருக்கிறாரா? உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள்? விசா விண்ணப்பத்தில் என்ன எழுதச் சொல்கிறார்கள்? குரங்கினம் இருக்கிற இடமென்றால் உங்களிடம் காசநோய்ச் சோதனை கேட்கிறார்களா என்று பாருங்கள். நம் சளியும் காசநோயும் மனிதக் குரங்குகளைக் கொன்றுவிடும். ஊசிச் சான்றிதழே கேட்காமல் ஒராங்குட்டான் குட்டியைக் கையில் கொடுக்கிறேன் என்கிறவனுக்கு அந்தக் குட்டி மேல் அக்கறை இல்லை. குளோபல் ஃபெடரேஷன் ஆஃப் அனிமல் சாங்க்சுவரீஸ் என்ற அமைப்பு உலகம் முழுவதும் காப்பகங்களைப் பார்வையிட்டு அங்கீகாரம் கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உங்களுக்குக் குட்டி வளர்க்க வேண்டும் என்கிற ஆசை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. உண்மையாகவே அநாதைக் குட்டிகளைக் காட்டுக்கு அனுப்புகிற இடங்களில் அந்த வேலையை நம்மைப் போன்றவர்களிடம் கொடுப்பதில்லை. நைரோபியில் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை 1977 முதல் இருக்கிறது, யானைக்குட்டிகளை வளர்த்து சாவோ காட்டுக்கு அனுப்புகிறது. கூடவே படுத்து வளர்ப்பவர்கள் கென்யாக்காரர்களான சம்பளக் காப்பாளர்கள். அதிலும் ஆளை மாற்றி மாற்றிப் படுக்கவைப்பார்கள், குட்டி ஒரே ஆளிடம் ஒட்டிக்கொண்டால் அவர் லீவு போட்ட நாளில் தீனி எடுக்காது. நான்கு வாரத்துக்கு ஒருதரம் புது முகம் வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தக் குட்டிக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கல்யாண விஷயம். நீங்கள் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடிதத்தின் பாதி அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு தடவை வீட்டை விட்டு, ஊரை விட்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் எங்கேயாவது இருந்துபார்க்க வேண்டும் என்ற ஆசை. அதில் ஒரு தப்பும் இல்லை, அம்மணி. ஆண்பிள்ளைகள் அதைக் கேட்காமலே செய்கிறார்கள். ஆனால் இரண்டு ஆசையையும் ஒரே பையில் போட்டுக் கட்டினால் இரண்டுமே கசங்கும். ஊரைப் பார்க்கத்தான் போக வேண்டுமென்றால் உங்கள் காசில் டூரிஸ்ட்டாகப் போங்கள், க்ரூகர் காட்டில் ஜீப்பில் உட்கார்ந்து சிங்கத்தைத் தூரத்திலிருந்து பாருங்கள், மலிவாகவும் முடியும். மிருகங்களுக்கு வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு நான்கு வாரம் பத்தாது, கல்யாணத் தேதிக்குள் முடிக்கிற காரியமும் இல்லை. வரன் வருகிறவரிடம் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். சிரிக்கிறாரா, கேட்டுக்கொள்கிறாரா என்று உங்களுக்கும் தெரிந்துபோகும்.

அம்மாவைச் சமாதானப்படுத்தப் பேச்சு உதவாது, காகிதம் உதவும். தங்குமிட முகவரி, பொறுப்பாளர் நம்பர், திரும்பி வரும் டிக்கெட், ஆஸ்பத்திரிச் செலவையும் அவசரமாக ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்த்த இன்சூரன்ஸ், அந்த ஊர் இந்தியத் துணைத் தூதரகத்தின் நம்பர் (கேப் டவுனில் இருக்கிறது) எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு அவர் கையில் கொடுங்கள்.

அப்பாவின் கேலிக்கு வருகிறேன். அவர் பக்கம் சேர்ந்துகொள்வதாக நினைக்காதீர்கள், ஆனால் விடிகாலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளிப் பழகாதவருக்கு எந்த நாட்டு மீட்பு மையத்திலும் கஷ்டம். அதைவிடப் பெரிய சோதனை ஒன்று இருக்கிறது: பிழைக்காத மிருகத்தைக் கருணைக்கொலை செய்யும்போது அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா என்பது. மிருகங்கள் மேல் உயிராக இருக்கிற பலர் அன்றைக்குச் சாயங்காலமே பெட்டி கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் மறுநாளும் வருவார்கள், அவர்கள்தான் கடைசிவரை நிற்பவர்கள். நீங்கள் எந்த வகை என்று ஆப்பிரிக்காவில் போய்த் தெரிந்துகொள்வதைவிடக் கோவையில் ஏதாவது ஒரு நாய்க் காப்பகத்தில் சில மாத ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்துகொள்வது மலிவு. கம்பெனி லீவுகூடப் போட வேண்டாம்.

ஊட்டியில் வேர்ல்ட்வைட் வெட்டரினரி சர்வீஸ் என்ற பிரிட்டன் அமைப்பின் பயிற்சி மையம் இருக்கிறது. தெருநாய்க் கருத்தடை அறுவைச் சிகிச்சை கற்றுக்கொள்ள அங்கே வெளிநாட்டுக் கால்நடை மருத்துவர்களும் மாணவர்களும் வந்துபோகிறார்கள். நீங்கள் வாலண்டியராகப் போக நினைக்கிற தூரத்தைத் தாண்டி அவர்கள் நம் வாசலுக்கு வருகிறார்கள். முடிந்தால் அப்படிப்பட்ட ஓர் இடத்தில் வெளிநாட்டு வாலண்டியர் வந்து இறங்கும்போது உள்ளூர் ஊழியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், யாரை மதிக்கிறார்கள், யாரைச் சமாளிக்கிறார்கள் என்று கவனியுங்கள். நாளைக்கு அந்த வெளிநாட்டுக்காரர் நீங்கள்.

கடலாமை பிடிக்குமென்றால் சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரி நேரத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். பொதுமக்களும் கூட நடக்கலாம். ஆமையைப் பார்க்காமலே விடிந்துவிடும் ராத்திரிகளும் உண்டு. அது உங்களுக்கு ஒத்துக்கொண்டால், கோஸ்டா ரிக்காவில் டார்டுகேரோ கடற்கரையில் 1959 முதல் நடக்கும் ஆமைக் கணக்கெடுப்புக்கு விண்ணப்பிக்கும்போது சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கும். பறம்பிக்குளம் நமக்குச் சேத்துமடை வழியாகப் பக்கம்தான். கேரள வனத்துறை அங்கே நடத்தும் பறவை, பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்புகளிலும் வாலண்டியர்களைச் சேர்க்கிறார்கள்.

பின்னால் வேலைக்கு உதவுமா என்று கேட்டீர்கள். சிங்கக்குட்டியோடு எடுத்த படம் உதவாது. இன்றைக்குக் காட்டுயிர் வேலையில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்தால் விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கக்கூட வாய்ப்பு உண்டு. உங்களுக்கு விலங்கியல் பட்டம் இருக்கிறது. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை இருக்கிறது. வயநாட்டில் பூக்கோடு கால்நடைப் பல்கலைக்கழகத்திலும் காட்டுயிர் சம்பந்தமான முதுகலைப் படிப்பு உண்டு. ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் உங்கள் கம்பெனியிலிருந்து பஸ் தூரம், அங்கே ஆராய்ச்சித் திட்டங்களுக்கு உதவியாளர்களை அவ்வப்போது எடுப்பார்கள். இன்னொன்று, நீங்கள் கணக்குத் தெரிந்தவர். சின்னக் காப்பகங்கள் பலவற்றில் மிருகங்கள் மேல் அன்புக்குக் குறைவில்லை, ரசீது எழுத, வரவு செலவு முடிக்க, நன்கொடைக்குக் கணக்குக் காட்டத்தான் ஆள் இல்லை. உங்கள் விண்ணப்பத்தில் "மிருகங்கள் என்றால் உயிர்" என்பதற்கு முன்னால் "கணக்கு முடித்துத் தருவேன்" என்று எழுதுங்கள். எனக்கு ஒரு காப்பகம் இருந்தால் அன்றைக்கே கூப்பிடுவேன்.

ஊசி: எந்த நாடானாலும், இங்கே நாய்க் காப்பகத்துக்குப் போனாலும்கூட, முதலில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்வது. முதலில் ஒன்று, அதிலிருந்து ஏழு நாள் கழித்து ஒன்று என்று இரண்டு தவணை போதும் என்பது 2018 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிறகு கடித்தால் சும்மா இருந்துவிடக்கூடாது. புண்ணைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கும் மூன்று நாள் கழித்தும் மறுபடி போட வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதத்தை நேரடியாக ஏற்றுகிற இம்யூனோகுளோபுலின் ஊசி மட்டும் தேவைப்படாது. டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் இரண்டையும் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். கென்யா, உகாண்டா பக்கம் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே தனிமைப்படுத்திவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு அது வேண்டாம். ஆனால் நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாறுகிற டிக்கெட்டானால் பதிவு செய்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் 15,000. ஏஜென்சிக்கு இன்றைக்கே மெயில் எழுதுங்கள், போனில் பேச வேண்டாம். குட்டிகளின் தாய்ச் சிங்கங்கள் எங்கே இருக்கின்றன, இதுவரை எத்தனை சிங்கம் எந்தக் காட்டில் விடப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராது, வந்தாலும் மழுப்பலாக வரும். அதைக் காரணமாகக் காட்டி ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் பாங்கிலும் ஒரு புகார் கொடுத்து வைக்கலாம். திரும்பி வராமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது. கட்டிவிட்டோமே என்பதற்காக மீதி 1,45,000-ஐயும் கட்டாதீர்கள்.